சத்தம் வராத சனிக்கிழமை

1

ஒரு மாத விடுப்பு முடிந்து அலுவலகம் போன அன்று, அங்கே சமையலறை மேசையில் எனக்காக ஒரு கேக் வைத்திருந்தார்கள். அதன் மேல் சாக்லேட்டால் ‘ஒரு நொடிகூட நிற்காமல்’ என்று ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தது. நான் ஊருக்குப் போவதற்கு முன் செய்துவிட்டுப் போன அப்கிரேடுக்கான பாராட்டு அது. எல்லோரும் கை தட்டினார்கள். கத்தியை என் கையில் கொடுத்தார்கள். வெட்டி எல்லோருக்கும் கொடுத்தேன். என் துண்டை மட்டும் காகிதத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, வரும் வழியில் ட்ராம் நிறுத்தத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

ஹனோவருக்கு நான் வந்தது இளைஞனாக. இந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறுகிறேன். குளிர்பதனக் கிடங்குகள் நடத்தும் ஒரு நிறுவனத்தில் சர்வர்களைக் கண்காணிப்பது என் வேலை. எங்கோ ஒரு கிடங்கில் மீன் பெட்டிகளுக்கு நடுவே குளிர் குறைந்தால், அல்லது கணக்கு எழுதும் சர்வர் மூச்சு விடத் திணறினால், எங்கள் திரையில் பச்சை மஞ்சளாகும், மஞ்சள் சிவப்பாகும், உரியவரின் கைப்பேசியில் மணி அடிக்கும். அப்படிக் கண்காணிக்கும் கணினியே நின்றுபோனால் என்ன செய்வது? அதற்காகத்தான் இரண்டு கணினிகளைச் சேர்த்து வைத்திருக்கிறோம். ஒன்று வேலை பார்க்கும். இன்னொன்று அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும், முதலாவது விழுந்தால் பொறுப்பை ஏற்கும். ஒருபோதும் இரண்டும் சேர்ந்து தூங்காது. இதற்கு க்ளஸ்டர் என்று பெயர்.

அந்த க்ளஸ்டரைப் புதுப் பதிப்புக்கு மாற்றிய சனிக்கிழமையைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஊரில் இருப்பவர்கள் நான் இங்கே பெரிய வேலை பார்ப்பதாக நினைக்கிறார்கள். வேலை பெரியதுதான்.

2

என் அக்கா சரோஜா கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில் தனியாக இருக்கிறாள். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். மாமா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை.

அக்கா கடலூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். பள்ளிக்கூடம் விட்டதும் அவளுக்குச் சாப்பாட்டு அடுக்கை எடுத்துக்கொண்டு போவேன். உள்ளே விடமாட்டார்கள். கதவில் இருந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். காதில் கருவி மாட்டிய பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எதிரே ஆள் உயரப் பலகை, அதில் சின்னச் சின்ன விளக்குகள். கடலூர் முதுநகரில் ஒரு மண்டிக்காரர் ரிசீவரை எடுத்தால் இங்கே ஒரு விளக்கு எரியும். அக்காவின் கை அது எரிந்த உடனே அங்கே போய்விடும். தலைக்கு வைத்த கனகாம்பரமும், சூடான மின்கம்பி வாசமும், அந்த அறைக்குள்ளிருந்து வரும் “லைன்ல இருங்க, லைன்ல இருங்க” என்ற குரல்களும் சேர்ந்ததுதான் எனக்குக் கடலூர்.

சிதம்பரத்தில் நான் கல்லூரி விடுதியில் சேர்ந்தபோது வார்டன் அறையில் ஒரு டெலிபோன் இருந்தது. சில நாட்களில் மாலை நேரத்தில் காவலாளி ஓடி வருவார்.

“தம்பி, கடலூர்லேருந்து உனக்கு லைன் டெஸ்டாம்!”

நான் ஓடுவேன். அந்தப் பக்கம் அக்கா, அலுவலகக் குரலில்:

“ஹலோ, லைன் டெஸ்ட் பண்றோம். சாப்டியா?”

“சாப்டேன்க்கா.”

“என்னா சாப்ட?”

“உப்புமா.”

“மறுபடியுமா? சரி. லைன் நல்லா இருக்கு. வச்சிடுங்க சார்.”

அவ்வளவுதான். சூப்பர்வைசர் டீ குடிக்கப் போன இடைவெளியில் செய்வது. விடுதியிலிருந்து கீழ வீதிக்கு நடந்து போய், கோபுரத்தைப் பார்த்தபடி ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். அந்த மாலைகளில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றியிருக்காது.

3

அக்காவை இங்கே அழைத்துவர முயன்றேன். என் வருமானம், வீட்டின் பரப்பு, அவளுடைய காப்பீடு, நான் பொறுப்பேற்பதாக நகர அலுவலகத்தில் போட்ட கையெழுத்து என்று எல்லாம் கொடுத்தோம். அவர் திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று விசாவை மறுத்துவிட்டார்கள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். “நான் வர்றதே பத்து நாளைக்கு. அதுக்கு மேல யாருடா உங்க ஊர்ல ரொட்டி தின்னுக்கிட்டுக் கெடப்பா?” மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டி. ஒரு விடுமுறையில் போனபோது, கையகல கணினி ஒன்றை அவள் கூடத்தில், தரையை ஒட்டி இருந்த பிளக்கில் மாட்டினேன். வீட்டில் மின்சாரம் இருக்கிறதா, யூபிஎஸ் வேலை செய்கிறதா, காலையில் தண்ணீர் மோட்டார் ஓடியதா என்று அது கவனிக்கும். வழக்கமான நேரத்தில் மோட்டார் ஓடவில்லையென்றால் எனக்குச் செய்தி வரும். சிதம்பரத்தில் இருக்கும் என் மச்சான் இளங்கோவுக்கும் வரும். இளங்கோ இறந்துபோன என் மனைவியின் தம்பி. என்னை மாமா என்பான், அக்காவை அக்கா என்றே கூப்பிடுவான். செய்தியை யார் முதலில் பார்க்கிறோமோ அவர் அக்காவுக்கு ஃபோன் செய்வது என்று பேசிக்கொண்டோம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெட்டியை நான் இணைத்தது எங்கள் நிறுவனத்தின் க்ளஸ்டரில். நூற்றுக்கணக்கான சர்வர்களுக்கு நடுவே ஒரு வரி கூடினால் யாருக்குத் தெரியும்? அதற்கு ‘சோதனை-7’ என்று பெயர் வைத்தேன்.

ஒருநாள் அக்கா பெருக்கும்போது விளக்குமாறு பட்டு பிளக் கழன்றுவிட்டது. என் திரையில் சிவப்பு. உடனே கூப்பிட்டேன்.

“அக்கா, பெட்டியோட பிளக் கழண்டிருக்கு, பாரு.”

“அட! நீ எங்கடா இருக்க? கொல்லையிலயா?”

அன்று தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். “ஜெர்மனியில ஒக்காந்துக்கிட்டு எம் பிளக்கு கழண்டத சொல்றான்.” பக்கத்து வீட்டு ஜமீலா வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனாளாம்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முன் ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்காவைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்தவன், அதற்குப் பிறகு கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டேன். கேட்க என்ன இருக்கிறது? மோட்டார் ஓடிவிட்டது என்று தெரியும். கரண்ட் போனதும் வந்ததும் தெரியும். அபூர்வமாகப் பேசும்போதும் என் பேச்சு மாறிப்போயிருந்தது. அவள் எதையோ சொல்ல, நான் “சரி, நோட் பண்ணிக்கிட்டேன்” என்பேன். “ஏண்டா, பேங்க்குல பேசற மாதிரி பேசற?” என்பாள். பேசிக்கொண்டிருக்கும்போதே ‘யா, யா’ என்று ஜெர்மன் தலையாட்டல் வாயில் வந்துவிடும். என் மகள் மீனா பெர்லினில் இருக்கிறாள். அவளும் என்னோடு அப்படித்தான் பேசுகிறாள், “ஓகே அப்பா, குட் அப்பா” என்று. யாரிடமிருந்து கற்றாள் என்று இப்போது யோசிக்கிறேன்.

சத்தம் வரவில்லையென்றால் எல்லாம் நலம். எங்கள் தொழிலில் அப்படித்தான். அதையே இளங்கோவுக்கும் சொல்லிக் கொடுத்தேன். “செய்தி வரலன்னா நிம்மதியா இரு மச்சான்.”

4

க்ளஸ்டரை அப்கிரேட் செய்வது ஓடும் பஸ்ஸில் டயர் மாற்றுவது போலத்தான். முதலில் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் கணினியை நிறுத்திப் புதுப்பிக்க வேண்டும். பிறகு பொறுப்பை அதன் கைக்கு மாற்றிவிட்டு, அடுத்ததை நிறுத்த வேண்டும். இந்த மாற்றத்தின்போது எல்லா சர்வர்களும் செத்துவிட்டது போலத் திரை சிவக்கும். அத்தனை மணியும் அடித்தால் நாடு முழுக்க ஆட்கள் பதறுவார்கள். ஆகவே வேலையைத் தொடங்கும் முன் எல்லா எச்சரிக்கைகளையும் அன்று மாலைவரை அமைதிப்படுத்திவிடுவோம். விதிவிலக்கு வேண்டுமென்றால் தனியாகக் குறிக்கலாம். அன்றும் மருந்துக் கிடங்கு ஒன்றை விலக்கி வைத்தோம்.

சனிக்கிழமை காலை. நானும் பெட்ராவும் மட்டும். பெட்ரா என்னோடு நீண்ட காலம் வேலை பார்ப்பவள், எதையும் இருமுறை சரிபார்ப்பவள். “வேறு ஏதாவது விலக்க வேண்டுமா?” என்று கேட்டாள்.

சோதனை-7 எனக்கு நினைவு இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்ல முடிந்தால் எவ்வளவோ நன்றாயிருக்கும். நினைவு இருந்தது. அதை விலக்கினால் அந்தப் பட்டியலை பெட்ரா படிப்பாள், இது என்ன என்று கேட்பாள், ஓய்வு பெறும் வயதில் நிறுவனக் கணினியில் சொந்த வீட்டைச் சொருகி வைத்திருப்பதைச் சொல்ல நேரும். வெட்கம். “இல்லை, அவ்வளவுதான்” என்றேன். இளங்கோவுக்கு ஒரு வார்த்தை, இன்று செய்தி வராது, நீ நேரில் கேட்டுக்கொள் என்று அனுப்பியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. ஒரு நாள்தானே.

அப்கிரேட் நன்றாகவே நடந்தது. முதல் கணினி எழுந்தது, பொறுப்பு மாறியது, இரண்டாவதும் எழுந்தது. மதியம் தாண்டித் திரை வரிவரியாகப் பச்சையாகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு வரி மட்டும் சிவப்பு.

“சோதனை-7 எது?” என்றாள் பெட்ரா.

“ஒரு பழைய சோதனைக் கருவி. முக்கியமில்லை.”

இப்படித்தான் சொன்னேன். எனக்குள் ஒரு கணக்கும் போட்டேன். கடலூரில் சனிக்கிழமை, மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்டை நிறுத்தியிருப்பார்கள். ஆனால் கரண்ட் போனால் யூபிஎஸ் தாங்கும், திரையில் மஞ்சள்தான் வரும் என்பது எனக்குத் தெரியும். பேட்டரி பழசாகியிருக்கும் என்று அதற்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெட்ரா முன்னால் ஃபோனை எடுத்துத் தமிழில் பேசத் தயங்கினேன். வீட்டுக்குப் போய்க் கூப்பிடலாம் என்று கோட்டை மாட்டினேன்.

ட்ராமில் இருக்கும்போது இளங்கோ கூப்பிட்டான்.

“மாமா, அக்கா வழுக்கி வுழுந்துருச்சு. இடுப்பு எலும்பு போல. ஜமீலா ஏதோ கிண்ணம் குடுக்கப் போயிருக்கு, அது பாத்துதான் எனக்கு ஃபோன் பண்ணுச்சு. மத்தியானமே வுழுந்துருக்கு மாமா. நான் கீரப்பாளையத்துல ஒரு கல்யாணத்துல இருந்தேன். ஃபோன கையிலயேதான் வச்சிருந்தேன். ஒரு மெசேஜும் வரல. ஏன் மாமா வரல?”

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

5

சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் அறுவை முடிந்து, அக்கா படுத்திருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது கண் விழித்திருந்தாள். முகம் சிறுத்துப்போயிருந்தது, வாய் மட்டும் அப்படியே இருந்தது.

“வந்துட்டியா? விசா குடுத்தானா எங்க ஊருக்கு?”

நான் சிரிக்க முயன்றேன். அவளாகவே சொல்லத் தொடங்கினாள். துணி காயப்போட்டுவிட்டு வந்தவள், கூடத்து வாசல்படியில் ஈரக்காலோடு வழுக்கி விழுந்திருக்கிறாள். செல்ஃபோன் ஃபிரிட்ஜ் மேலே. எழ முடியவில்லை. கத்தியிருக்கிறாள், தெருவில் யாருமில்லை.

“அப்பதான் பொட்டி ஞாபகம் வந்துச்சு. நகந்து நகந்து போயி பிளக்க புடுங்குனேன். புடுங்குனா உனக்குத் தெரியுமில்ல? நம்ம போர்டுல லைட்டு எரியற மாதிரிதான. பையன் இப்பக் கூப்புடுவான்னு அந்த ஃபிரிட்ஜையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். நான் எடுக்கலன்னா இளங்கோவ அனுப்புவான்னு.”

என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கூப்புடல. சரி, இன்னொரு தடவ பாப்பம்னு மறுபடி மாட்டி மறுபடி புடுங்குனேன். பொட்டி கெட்டுப்போச்சு போலருக்கு. மெஷினு பாவம், அது என்னா பண்ணும்? நீ வருத்தப்படாத.”

வெளியே வராந்தாவில் இளங்கோ என்னை ஓரமாக அழைத்துப் போனான். நடந்ததை நான் அவனிடம் முதல் நாளே ஃபோனில் சொல்லியிருந்தேன். அதிகம் திட்டவில்லை. “உங்கள என்னா மாமா சொல்றது” என்று மட்டும் கேட்டிருந்தான். இப்போது மெதுவாகச் சொன்னான்:

“மாமா, அக்காகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. பொட்டி கெட்டுப்போச்சுன்னே இருக்கட்டும். பொட்டி இல்லாம தனியா இருக்க மாட்டேன்னு அதுவே சொல்லுது. எங்க மாடி ரூமு சும்மாதான் கெடக்கு. இங்கயே இருந்துரும். உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.”

அவன் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அதுதான் வசதி. ஒரு பொய், அதுவும் நான் சொல்லாத பொய். அக்கா பத்திரமாக இருப்பாள், என் மேல் அவளுக்கிருந்த மதிப்பும் பத்திரமாக இருக்கும். மூன்று நாள் அப்படியே ஓட்டினேன். தினமும் காலையில் கீழ வீதிப் பக்கம் நடந்து போய், இட்லி வாங்கிக்கொண்டு வருவேன். நான் டீ குடித்த கடை இருந்த இடத்தில் செல்ஃபோன் உறை விற்கிறார்கள். கோபுரத்துப் புறாக்கள் மட்டும் பழைய நேரத்துக்கே கிளம்பிப் பறந்தன. அக்கா இட்லியைத் தின்றபடி, வீட்டில் எதை யாருக்குக் கொடுப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கிரைண்டர் ஜமீலாவுக்கு. ரோஜாத் தொட்டிகளை ஸ்டேஷன் ரோடு டீச்சருக்கு. பீரோவை விற்றுவிடலாம். கட்டில் இளங்கோ வீட்டு மாடிப்படியில் திரும்பாது, விட்டுவிடு.

“வூட்ட வாடகைக்கு வுட்டுரு. சாவிய நீயே வச்சுக்க. நான் போயி இன்னொருத்தர் குடியிருக்கறத பாக்க மாட்டேன்” என்றாள். அழவில்லை. இட்லியைச் சட்னியில் தொட்டு வாயில் வைத்தாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

“அக்கா, பெட்டி கெட்டுப்போகல.”

“என்னாது?”

“நீ புடுங்குனது எனக்குத் தெரிஞ்சுது. செகப்பா வந்துச்சு. நான் பாத்தேன்.” எல்லாவற்றையும் சொன்னேன். அமைதிப்படுத்தியது, விலக்காமல் விட்டது, பெட்ரா கேட்டது, முக்கியமில்லை என்று நான் சொன்னது. கடைசி வார்த்தையைத் தமிழில் சொல்லும்போதுதான் அது எப்படிப்பட்ட வார்த்தை என்று எனக்குக் கேட்டது.

இளங்கோ வாசலில் நின்றவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அக்கா கையைத் துடைத்தாள். தட்டை என்னிடம் நீட்டினாள். நர்ஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போனாள். பிறகு அக்கா கேட்டாள்:

“அப்ப பொட்டி நல்லாத்தான் இருக்கு?”

“நல்லா இருக்கு.”

“புடுங்குன ஒடனே செகப்பு வந்துச்சு?”

“வந்துச்சு.”

“அப்ப நான் ஏன் இவன் வூட்டு மாடியில இருக்கணும்? இளங்கோ, கோவிச்சுக்காதடா, உம் படி செங்குத்தா இருக்கு. நான் எம் வூட்டுக்குப் போறேன்.” பிறகு என்னைப் பார்த்தாள். “பொட்டி இருக்கட்டும். அத பாக்கற ஆள மாத்து.”

6

அந்தப் பெட்டி இப்போது எங்கள் நிறுவனத்தில் இல்லை. திரும்பி வந்ததும் மேலாளரிடம் நானே சொன்னேன், எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார். நியாயம். பெட்ராவிடமும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: “ஏன் அப்போதே சொல்லவில்லை? ஒரு டிக் போட்டு விலக்கியிருப்பேனே.” நான் அத்தனை மறைத்தது இவளுடைய அந்த ஒரு டிக்குக்குப் பயந்துதான்.

மீனா பெர்லினில் வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்துப் பெட்டியை அதில் இணைத்துக்கொண்டாள். செய்தி இப்போது அவளுக்கும் இளங்கோவுக்கும் ஜமீலாவுக்கும் போகிறது. பட்டியலில் நான் இல்லை. அக்காவின் நிபந்தனை அது. மீனாவின் தமிழ் பள்ளிப் பிள்ளைத் தமிழ். “அத்தை, கரண்ட் எங்கே போயிருக்கு?” என்று கேட்பாளாம். “வெளியூரு போயிருக்குடி, சாயந்தரம் வரும்” என்று அக்கா சொல்வாளாம். எச்சரிக்கை வராத நாட்களிலும் இருவரும் பேசிக்கொள்கிறார்கள் என்று மீனா சொல்லித்தான் தெரியும். முன்பு என்னோடு மாதம் ஒருமுறை பேசியவள், இப்போது அத்தை சொன்ன கதைகளைச் சரிபார்க்கக் கூப்பிடுகிறாள். “அப்பா, நீ சின்ன வயசுல கெடிலம் ஆத்துல செருப்பு விட்டியா?” விட்டேன்.

எனக்கு இப்போது அந்த வீட்டைப் பற்றி எதுவும் தெரியாது. மோட்டார் ஓடியதா, கரண்ட் இருக்கிறதா, தெரியாது. தெரிய வேண்டுமென்றால் எல்லோரையும் போலக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். முதலில் சில வாரம் அக்கா எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள், சுருக்கமாகப் பேசி வைத்தாள். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இன்று காலை கூப்பிட்டேன்.

“என்னாடா?”

“சும்மாதான்.”

“சும்மாவா? ஒடம்பு நல்லாருக்கா உனக்கு?”

“நல்லாருக்கு. நீ என்ன பண்ற?”

“அவரக்கா நறுக்கறேன். வாக்கர புடிச்சிக்கிட்டு ஒத்தக் கையால நறுக்கணும், நீ வந்து பாரு வேடிக்கைய. இரு, அடுப்புல என்னமோ வச்சிருக்கேன், பாத்துட்டு வரேன். வச்சிராத.”

ஃபோனை எங்கோ வைக்கும் சத்தம். வாக்கரின் கால்கள் ஒவ்வொன்றாகத் தரையில் பதிவது கேட்கிறது, மெதுவாகத் தூரம் போகிறது. குக்கர் விசில் போடுகிறது. வாசலில் யாரோ அவளைக் கூப்பிடுகிறார்கள், அக்கா ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். ஸ்டேஷனுக்குள் ஒரு ரயில் வந்து நிற்கிறது. அவள் என்னை மறந்துவிட்டாள் போலிருக்கிறது. ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டு மேசை மேல் வைத்துக்கொண்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளாக வந்து எடுக்கும்வரை நான் வைக்கப் போவதில்லை.